சக்கரபாணி மேல் ஒரு பிராது

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சூளை பார்க்கிற சக்கரபாணிக்கு மாரடைப்பு வந்தது. அது மாரடைப்பு என்பதை எல்லோருக்கும் கடைசியாகத் தெரிந்துகொண்டவரும் சக்கரபாணிதான்.

அவரைக் குறை சொல்ல முடியாது. உடம்பு காட்டிய ஒவ்வொரு அடையாளத்துக்கும் சூளையடியில் ஒரு காரணம் தயாராக இருந்தது. சட்டை நனைய வேர்த்தது. சூளை வாசலில் நிற்கிறவனுக்கு வேர்க்காமல் குளிரவா செய்யும்? இடது கை கடுத்தது. கோப்பை அடுக்கிய பலகையை வருஷக்கணக்காக இடது தோளில்தானே சுமக்கிறார். நெஞ்சு எரிந்தது. காலையில் தின்ற மசால் வடைக்கு அந்தப் பெருமை போய்ச் சேர்ந்தது. ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டு, பர்னரில் எரிகிற நெருப்பின் நிறத்தைப் பார்க்கக் குனிந்தவர், குனிந்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

சாதாரணத் தலைவலிக்கே, "என் காலம் முடிஞ்சிடுச்சு, வேலு. எல்லாத்தையும் நீதான் பாத்துக்கணும்" என்று மனைவி வேல்விழியிடம் தழுதழுக்கிற மனிதர் அவர். பல்லைப் பிடுங்கப் போகும்போதுகூட வாசலில் நின்று வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார். அப்படிப்பட்டவர், நிஜமாகவே காலம் முடியப்போகிற நேரத்தில் சொன்ன வசனம் இவ்வளவுதான்:

"ஒண்ணுமில்ல பாய். கேஸு."

பட்டறை முதலாளி நூர் முகம்மது மங்கலம்பேட்டைக்காரர். ஒரு ஆளின் முகத்தைப் பார்த்தே சரக்கின் நிலவரம் சொல்லிவிடுவார். சுடாத மண் மாதிரி வெளுத்துக் கிடந்த முகத்தைப் பார்த்ததும் அவர் வாதாடவில்லை. வாசலில் கோப்பைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த லோடு ஆட்டோவில், பெட்டிகளுக்கு நடுவே வைக்கோலைப் பரப்பி, அதில் சக்கரபாணியைப் படுக்க வைத்தார். "மெதுவா ஓட்டு, ஒடையற சாமான் இருக்குது" என்று டிரைவரிடம் சொன்னார். அவர் எதைச் சொன்னார் என்பதில் சக்கரபாணிக்கு இன்றுவரை சந்தேகம்.

அரசு ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். மாத்திரைகளைக் கொடுத்து மெல்லச் சொன்னார்கள். அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றிப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அதே பட்டறையில் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுகிற வேல்விழி, விரலில் ஒட்டிய மண்ணைக்கூடக் கழுவாமல் கூட ஏறிக்கொண்டாள். வழியில் சக்கரபாணி ஆக்சிஜன் மூடியை விலக்கினார். மனைவியின் கையைப் பிடித்தார். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"பாய்கிட்ட சொல்லிடு. சூளைய நாளைக்குச் சாயங்காலத்துக்கு முன்னாடி யாரும் தொறக்கக் கூடாது."

சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

மணிக்கட்டு வழியாக ஒரு குழாயை விட்டு, இதயத்தின் ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட்டை வைத்தார்கள். அவர் பிழைத்தார். பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் தொந்தரவு ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா சிவசங்கரி தெளிவாகத்தான் சொன்னார். முதலில் வீட்டுக்குள் நடக்க வேண்டும், பிறகு தெருவில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்ட வேண்டும். மாத்திரையை ஒருவேளைகூட விடக்கூடாது. மாத்திரை விஷயத்தில் சக்கரபாணி உத்தமர். நடக்கிற விஷயத்தில்தான் அவருக்குள் இருந்த சூளைக்காரர் டாக்டரை ஒத்துக்கொள்ளவில்லை.

சூளைக்காரருக்குத் தெரிந்த சாஸ்திரம் ஒன்றுதான். வெந்த சரக்கை அவசரப்பட்டு அசைக்கக் கூடாது. சூடு தானாக இறங்குகிறவரை சூளைக் கதவு மூடியே இருக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் ஒரு விரல் அகலம் திறந்தாலும், காற்று உள்ளே போய், உள்ளே இருக்கிற கோப்பைகள் ஒவ்வொன்றாக 'டிங்... டிங்...' என்று கீறல் விடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் பல தடவை தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். இப்போது அவர் நெஞ்சுக்குள் புதிதாக ஒரு சாமான் ஒட்டியிருக்கிறது. புதிதாக ஒட்டிய கைப்பிடியை யாராவது ஆட்டிப் பார்ப்பார்களா?

ஆகவே அவர் கட்டிலில் படுத்தார். வாரங்கள் போயின. படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

மின்விசிறியை ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது. கதவைச் சத்தமாகச் சாத்தக் கூடாது. தும்மல் வந்தால் ஒரு கையால் நெஞ்சைத் தாங்கிக்கொண்டு, பாதித் தும்மலாகத் தும்முவார். கழிவறைக்குப் போகிற தூரம்தான் நடை. அதையும் நிறைகுடம் தூக்கிப் போகிறவர் மாதிரி நடந்தார். பேச்சையும் குறைத்துக்கொண்டார் என்று சொல்ல ஆசைதான். குரலை மட்டும்தான் குறைத்தார்.

பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். கூடவே ஆளுக்கொரு சாவுக் கதையும் கொண்டுவந்தார்கள். பெண்ணாடத்துச் சகலை விருத்தகிரி, சர்க்கரை ஆலையில் தன்னோடு வேலை பார்த்தவர் ஆபரேஷன் முடிந்து நன்றாக இருந்து, மாடிப்படி ஏறும்போது பாதியிலேயே போய்விட்டதை, எந்தப் படியில் கால் இருந்தது என்பதுவரை விவரித்தார்.

"நல்ல வேளை, எங்க வூட்டுல மாடி இல்ல" என்றாள் வேல்விழி.

"மாடி எதுக்கு? வாசப்படி இருக்குது இல்ல" என்று கட்டிலிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

அவள் விடியலில் எழுந்து தண்ணீர் பிடித்து, உப்பில்லாமல் ஒரு குழம்பும் உப்போடு தனக்கொரு துவையலும் செய்து, அவருக்கு உடம்பு துடைத்துவிட்டு, மாத்திரையை எண்ணி வைத்துவிட்டு, பட்டறைக்குப் போய்க் கைப்பிடி ஒட்டிவிட்டு, சாயங்காலம் வந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவர் சொல்கிற உருக்கமான வார்த்தைகளுக்கு அவளிடம் ஒரே பதில்தான்.

"நான் இல்லாத காலத்துல நீ எப்படிச் சமாளிப்பியோ, வேலு."

"இருக்கறப்ப சமாளிக்கறதுதாங்க கஷ்டமா இருக்குது."

மறுபரிசோதனைக்குப் போனபோது சக்கரபாணி பெருமையோடுதான் போனார். பரீட்சைக்கு நன்றாகப் படித்தவர் முகம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நெஞ்சில் சில்லென்று பசையைத் தடவி, எக்கோ எடுத்தார்கள். டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"தினம் எவ்வளவு தூரம் நடக்கிறீங்க?"

"ஒரு அடி கூட நடக்கறதில்லீங்க டாக்டர். அவ்ளோ பத்திரமா வெச்சிருக்கேன்."

டாக்டரம்மா அவருடைய கால்களைப் பார்த்தார். கெண்டைச்சதை வற்றி, வேட்டிக்குக் கீழே இரண்டு அகப்பைக் காம்புகள் தெரிந்தன. யார் நடக்க வேண்டாம் என்று சொன்னது என்று கேட்டார். சக்கரபாணி சூளைக் கதவு, காற்று, கீறல், 'டிங்' எல்லாவற்றையும் விளக்கினார். அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்தும் காட்டினார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"ஐயா, இது பாத்திரம் இல்லீங்க. தசை. ஸ்டென்ட்டை உள்ளே பலூன் வெச்சு அழுத்தி, ரத்தக்குழாய்ச் சுவரோட பதிச்சிருக்கோம். நீங்க நடந்தா அது கழண்டு விழாது. ஆனா நடக்கலைன்னா வேற பிரச்சினை இருக்கு." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "உங்க இதயத்தோட பம்பிங் முப்பத்தஞ்சு சதவீதத்துலயே நிக்குது. நல்லா இருக்கிறவங்களுக்கு அம்பதுக்கு மேல இருக்கும். இவ்வளவு கம்மியா இருந்தா, துடிப்பு திடீர்னு தாறுமாறாகி நின்னுபோற ஆபத்து உண்டு. மூணு மாசம் டைம் தரேன். மாத்திரையும் நடையும் சேர்ந்தா ஏற வாய்ப்பு இருக்கு. ஏறலைன்னா, நெஞ்சுக்குள்ள ஒரு மெஷின் வெக்கணும். துடிப்பு நின்னா ஷாக் குடுத்து எழுப்புற மெஷின்."

"நடந்தா ஏறுமா?" என்று கேட்டது வேல்விழி.

"ஏறலாம். படுத்திருந்தா ஏறாதுன்னு மட்டும் உறுதியாச் சொல்லுவேன். நடக்கும்போது பேச முடியணும். பேச மூச்சு வரலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். நெஞ்சு வலிச்சா உடனே உக்காந்து, நாக்குக்கு அடியில மாத்திரை."

திரையில் அவருடைய இதயம் அசைந்துகொண்டிருந்தது. ஒரு பக்கத்துச் சுவர் நன்றாக எழும்பி இறங்கியது. இன்னொரு பக்கம், திங்கட்கிழமைக் காலையில் பட்டறைக்கு வருகிற ஆள் மாதிரி, பேருக்கு அசைந்தது. தான் இத்தனை நாள் அசையாமல் காப்பாற்றிய சாமான் ஒரு கணம்கூட அசையாமல் இருந்ததில்லை என்பதைச் சக்கரபாணி அப்போதுதான் கண்ணால் பார்த்தார். தன் முட்டாள்தனத்தை இவ்வளவு பெரிய திரையில் போட்டுக் காட்டியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

புத்தி தெளிந்துவிட்டது. கால்தான் கேட்கவில்லை. மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். ரேஷன் கடைவரை போவதாகத் திட்டம். பாதியில் நெஞ்சுக்குள் ஏதோ 'டிங்' என்றது. அப்படி எதுவும் கேட்கவில்லை என்பது அவருக்கே தெரியும், ஆனாலும் கேட்டது. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபடி நடுத்தெருவில் நின்றுவிட்டார். பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். ஆயிரம் டிகிரிக்கு மேல் எரிகிற நெருப்பைக் கண்ணோடு கண் பார்த்த மனிதர், சாக்கடை மேல் போட்ட கல்லைத் தாண்டப் பயந்து கட்டிலுக்குத் திரும்பினார். போர்வைக்குள் அவரே அவரைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்க முடிந்ததே தவிர எழ முடியவில்லை.

டாக்டரம்மா கொடுத்த மூன்று மாதத்தில் இரண்டு வாரம் இப்படியே போயிற்று. ஒரு திங்கட்கிழமை வேல்விழி பட்டறைக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்து எங்கேயோ போய், உச்சிவேளைக்கு நெற்றி நிறைய விபூதியோடு வந்தாள்.

"எங்க போயிட்டு வர?"

"கொளஞ்சியப்பர் கோயிலுக்கு. பிராது கட்டிட்டு வந்தேன்."

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் யார் மேல் வேண்டுமானாலும் பிராது கொடுக்கலாம். மனக்குறையைக் காகிதத்தில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னிதி வேலில் கட்டிவிட்டால் வழக்குப் பதிவானதாக அர்த்தம். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை.

"யார் மேல கட்டின?"

"உங்க மேலதான்."

சக்கரபாணி எழுந்து உட்கார்ந்துவிட்டார். "கட்டின புருசன் மேலயா?"

"நெலத் தகராறுக்குக் கட்டுறாங்க, காணாம போன மாட்டுக்குக் கட்டுறாங்க. எனக்குக் காணாம போனது புருசன். நான் கட்டக் கூடாதா?"

"இன்னான்னு எழுதின?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மனப்பாடமாகச் சொன்னாள். "என் வூட்டுக்காரர் சக்கரபாணிக்குக் கால் ரெண்டும் நல்லா இருக்குது. டாக்டரம்மா நடக்கச் சொல்லியும் நடக்காம கட்டில்ல கெடக்கறாரு. சாமி அவர எழுப்பி வுடணும். இவ்ளோதான்."

"நான் என்னா வேணும்னேவா கெடக்கறேன்? எம் பயம் எனக்குத் தெரியும். அத எழுதினியா?"

"அது உங்க கட்சி. வேணும்னா நீங்க போயி எதிர் பிராது கட்டுங்க. யாரு வேணாங்கறா?"

"கட்டறேனா இல்லையா பாரு."

"ஆட்டோல போயிக் கட்டுனா செல்லாது, சொல்லிட்டேன்" என்றாள் அவள், உலை வைத்தபடியே. இப்படி ஒரு சட்டம் எந்தக் கோயிலிலும் கிடையாது. கோபத்தில் இருந்த சக்கரபாணிக்கு அதை யோசிக்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிட்டார். தெருவில் இறங்கும்போதே எதிர் பிராதின் வாசகத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். "சாமி, இவ என்னைக் கேலி பண்றா. உப்பில்லாத குழம்ப எனக்கு ஊத்திட்டு, எதிர்லயே உக்காந்து துவையல் சாப்புடறா. பாக்க வந்தவங்க எதிர்ல என்னை அவமானப்படுத்தறா." ரேஷன் கடை போனது. வாசகம் வளர்ந்தது. பெட்ரோல் பங்க் வந்தபோது குற்றச்சாட்டுகள் அவருடைய கல்யாணப் பந்திவரை பின்னால் போயிருந்தன. மூச்சு வாங்கியது. ஆனால் பேச முடிந்தது. டாக்டரம்மா சொன்ன விதியை இவ்வளவு விசுவாசமாக அந்தச் சாலையில் யாரும் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள்.

ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று திரும்பிப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். அது கொஞ்சம் வேகமாக, ஆனால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். எந்தச் சத்தமும் இல்லை.

மறுநாளும் எதிர் பிராது கட்டக் கிளம்பினார். அதற்கு அடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் கோயிலை எட்டுவதற்கு முன்னால் கால் நின்றுவிடும். நின்ற இடம் மட்டும் கோயிலை நோக்கி நகர்ந்துகொண்டே போனது. ஊருக்குள் செய்தி பரவாமல் இருக்குமா? டீக்கடையில் கேட்டார்கள். "என்னா மாஸ்டர், கேஸு எதுவரைக்கும் வந்துருக்குது?"

"வாய்தா மேல வாய்தா" என்றார் சக்கரபாணி. "எதிர் பார்ட்டிக்கு சாமிகிட்ட செல்வாக்கு ஜாஸ்தி."

நூர் முகம்மது ஒருநாள் வண்டியை அவர் பக்கத்தில் நிறுத்தினார். "ஏறு மாஸ்டர், கோயில்லயே வுட்டுடறேன்."

"வேணாம் பாய். ஆட்டோல போனா செல்லாதாம். காருக்கும் அதே சட்டம்தான் இருக்கும்."

"யாரு சொன்னா?"

சக்கரபாணி நடந்துகொண்டே யோசித்தார். யார் சொன்னது என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நடுச்சாலையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாய் பயந்துபோய் வண்டியை விட்டு இறங்கிவிட்டார்.

விஷயம் விளங்கிய பிறகும் அவர் நடையை நிறுத்தவில்லை. ஒரு சாயங்காலம் கோயில் வாசலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். வேலில் கொத்துக்கொத்தாகக் காகிதங்கள் தொங்கின. அதில் எங்கேயோ தன் பெயரும் தொங்குகிறது என்று நினைத்தபோது கொஞ்சம் கௌரவமாகக்கூட இருந்தது. ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, மண்டபத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். 'கொளஞ்சியப்பர் சமூகத்துக்கு' என்று எழுதியவருக்கு மேலே ஓடவில்லை. வழியெல்லாம் வாய் ஓயாமல் சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்றும் தாளில் இறங்க மறுத்தது. அவள் விடியலில் தண்ணீர்க் குடத்தோடு குனிந்து உள்ளே வருகிற உருவம்தான் வந்து நின்றது. இத்தனை நாள் கட்டிலில் படுத்தபடி அதைத் தினமும் பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டே, 'கதவை மெதுவாச் சாத்து' என்றும் சொல்லியிருக்கிறார்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார்.

"கட்டினீங்களா?" என்றாள் வேல்விழி.

"கூட்டமா இருந்துச்சு."

மறுநாள் விடியலில் அவரே எழுந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனார். அவள் விடவில்லை. ஆனால் காய் நறுக்கவும், தன் மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்ளவும், உடம்பைத் தானே துடைத்துக்கொள்ளவும் விட்டாள்.

மூன்று மாதம் முடிந்து இருவரும் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினார்கள். சக்கரபாணிக்கு இந்தத் தடவை பெருமை எதுவும் இல்லை. பயம் மட்டும் இருந்தது. மெஷின் வைத்தாலும் வைக்கட்டும், பிழைத்துக் கிடந்தால் போதும் என்று பஸ்ஸில் பாதிவழியில் முடிவு செய்தார். ஆஸ்பத்திரி வாசலில் அந்த முடிவு போன இடம் தெரியவில்லை.

மறுபடியும் சில்லென்ற பசை. டாக்டரம்மா கருவியை நெஞ்சில் அழுத்தி, நகர்த்தி, அளந்து, திரும்பவும் அளந்தார். வேல்விழி கதவோரத்தில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நாப்பத்தி நாலு" என்றார் டாக்டரம்மா. "மெஷின் வேண்டாம். இப்பத்திக்குத் தேவையில்லை."

சக்கரபாணி சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கேட்டார். "அம்பது ஏன் வரலீங்க?"

"எந்திரிங்க முதல்ல" என்றார் டாக்டரம்மா, இந்த முறை சிரித்துவிட்டு. "கொஞ்சம் தசை செத்துப்போச்சு, அது திரும்பாது. மிச்சம் நல்லா வேலை செய்யுது. பட்டறைக்குப் போகலாம். பலகை தூக்கக் கூடாது. சூளை வாசல்ல ரொம்ப நேரம் நிக்கக் கூடாது. மாத்திரையை நானா சொல்லாம நிறுத்தக் கூடாது. நடையை என்னைக்கும் நிறுத்தக் கூடாது."

பலகை தூக்காத சூளைக்காரனைப் பட்டறையில் என்னவென்று கூப்பிடுவார்கள் என்று சக்கரபாணி யோசித்தார். தூரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு நெருப்பின் நிறத்தைச் சொல்லலாம். வாய் நன்றாகத்தானே இருக்கிறது. அதற்கு எந்தக் காலத்திலும் பம்பிங் குறைந்ததில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் வேல்விழி உட்கார்ந்தாள். கடலூர் தாண்டியதும் அவள் தோள் குலுங்குவதைச் சக்கரபாணி பார்த்தார். முதலில் பஸ்ஸின் குலுக்கல் என்று நினைத்தார். பிறகுதான் அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுவது தெரிந்தது. லோடு ஆட்டோவுக்குப் பின்னால் ஓடியபோதும், ஆம்புலன்ஸிலும், ஆபரேஷன் அறை வாசலிலும் அழாதவள். குறிஞ்சிப்பாடியிலும் அழுதாள். அதற்கப்புறமும் அழுதாள். ஆயுசு முழுவதும் உருக்கமாகப் பேசிப் பழகிய சக்கரபாணிக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. மூடினார். மறுபடியும் திறந்தார்.

வடலூரில் கூட்டம் இறங்கியதும் கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மா ரொம்ப நேரமா அழுவறாங்களே. எதனா துக்க சேதியாங்க?"

"இல்லீங்க. நல்ல சேதிதான்."

"நல்ல சேதிக்கா இப்டி அழுவறாங்க?"

சக்கரபாணி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார்.

"கெட்ட சேதி வந்தப்ப அழுவறதுக்கு அவளுக்கு நேரமில்லீங்க" என்றார்.